உலகநாதன் அத்தானுக்கு ஒரு போஸ்டர்

"நிறைஞ்ச வீட்டுல காத்துக்கு இடமில்ல, காலி வீட்டுல..." என்று எங்கள் அத்தான் ஒன்று சொல்வார். காலி வீட்டில் காற்றுக்கு என்னவோ. அந்தப் பின்பாதி எவ்வளவு யோசித்தும் வரமாட்டேன் என்கிறது. அக்காவுக்குத் தெரியும். கேட்டால் அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள். ஆனால் அக்கா என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நீங்கள் தென்காசி வரையா? நல்லது. நான் புளியங்குடியில் இறங்கிவிடுவேன். இந்தக் கட்டு உங்கள் முழங்காலில் இடிக்கிறதோ? மேலே வைக்கலாம்தான், வைத்தால் மடங்கிவிடும். மடியிலேயே இருக்கட்டும். சிவகாசியிலிருந்து வருகிறது. பயப்படாதீர்கள், வெடி இல்லை, காகிதம். போஸ்டர்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? கட்டைப் பார்த்தீர்களே, அது கேட்ட மாதிரிதான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஜப்பானில் இருந்தவன். கனசாவா என்று ஒரு மழை ஊர். தேயிலைக்கும் அரிசிப் பண்டங்களுக்கும் டப்பா வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. டப்பா வேலை சோற்றுக்கு. மனசுக்கு வேறொன்று இருந்தது. ஹைக்கூ தெரியுமா? மூன்று வரிக் கவிதை. சொல்வது கொஞ்சம், சொல்லாதது நிறைய. அதைப் படமாக்குவேன். பெரிய வெள்ளைத்தாள், ஒரு மூலையில் ஒரே ஒரு பொருள், மற்றபடி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு அங்கே ஒரு பெயர் உண்டு, 'மா' என்பார்கள். வெறும் இடம் என்று அர்த்தமில்லை, நிறைந்திருக்கிற வெறுமை. இதை நம்மூர் ஃப்ளெக்ஸ் கடை காஜாவிடம் ஒருநாள் விளக்கினேன். "இட்லி மாவா சார், தோசை மாவா?" என்று கேட்டான். அது கிடக்கட்டும்.

கம்பெனியில் என் மேலதிகாரி மொரிதா என்று ஒருவர். நான் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் தலையாட்டுவார். "முடிந்துவிட்டது என்று உனக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் அதிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்துவிடு." இதுதான் அவர் சொன்னது, எல்லா நாளும் இதையேதான் சொன்னார். கம்பெனியை மூடியபோது சாவியைக் கொடுத்துவிட்டு மேஜையில் இருந்த ஒரே பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது ஒரு கவிதையாகப் பட்டது.

அங்கே குடும்பம் அமையவில்லை. அமைந்தது, நிற்கவில்லை. அது வேறு கதை. நாற்பத்தேழாவது வயதில் ஒரு பெட்டியோடு புளியங்குடிக்கு வந்து அக்கா வீட்டு மாடியில் தங்கினேன். கோமதி அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அத்தான் உலகநாதன் எலுமிச்சை மண்டியில் கமிஷன் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் எலுமிச்சம்பழம் தெரியுமல்லவா, கேரளாவுக்கெல்லாம் போகிறது. எல்லாக் கடையிலும் கரண்ட் தராசு வந்துவிட்டது. அத்தான் மட்டும் பழைய தட்டுத் தராசைத் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றாலே கை மணக்கும்.

வந்த புதிதில் நான் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. மூன்று கட்டங்களில் ஒரு படக்கதை வரைந்தேன். முதல் கட்டத்தில் ஒரு குழாய். இரண்டாவதில் குழாய், கீழே குடம். மூன்றாவதில் ஈரத்தரை மட்டும். எழுத்தே கிடையாது. காஜா கடையில் அச்சடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலைந்து சுவரில் ஒட்டினேன். விடிந்ததும் பெண்கள் எல்லாம் அண்டா குண்டா அத்தனையிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு வாரம் தண்ணி வராதாம்லா, போஸ்டர் ஒட்டியிருக்காங்க" என்று அக்காவே வந்து என்னை எழுப்பினாள்.

இன்னொன்றை மாடு தின்றுவிட்டது. மைதா பசைக்கு மாடு வருவது சகஜம் என்றார்கள். நான் நின்று பார்த்தேன். பக்கத்தில் சினிமா போஸ்டர் இருந்தது, கட்சி போஸ்டர் இருந்தது, மாடு என்னுடையதைத்தான் முதலில் தின்றது.

அத்தான் ஒருவர்தான் என் படங்களை நின்று பார்ப்பார். தோளில் துண்டோடு வெகுநேரம் பார்ப்பார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. இதுல யாரு இருக்கா?"

"யாருமில்ல அத்தான்."

"அதான் கேட்டேன்."

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார், நிறைந்த வீடு, காலி வீடு. முன்பாதியை நான் பிடித்துக்கொண்டேன். ஜப்பானில் இருபது வருஷம் படித்ததை ஒரு மண்டிக்காரர் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் பின்பாதி காதில் விழாமல் போயிருக்க வேண்டும்.

இப்போது சிவகாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அக்காவின் ஒரே மகள். திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் செல்வின் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஆட்கள். நல்ல பையன், மிஷின் மெக்கானிக். ஆனால் எங்கள் அத்தானுக்கு ஒரு அண்ணன் உண்டு, திருமலையப்பன், எல்லோருக்கும் பெரியவர். வீடும் கடையும் இரண்டு பேருக்கும் பொது, பேச்சு மட்டும் பெரியவருடையது. அவர் அன்றைக்கு ஒன்று சொன்னார். "அவ பேரு இனி இந்தக் குடும்பத்துப் பத்திரிகை எதுலயும் ஏறக்கூடாது." அவ்வளவுதான். அடிக்கவில்லை, வெட்டவில்லை. பேர் மட்டும்.

நம் பக்கத்தில் பேர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பேரை விட்டுவிட்டால் சித்தப்பா பந்தலுக்குள் வரமாட்டார். பெயரை முன்னே பின்னே போட்டதற்கே அண்ணன் தம்பி பேசாமல் செத்துப்போயிருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் சிவகாமி விஷயத்தில் ஏழு வருஷம் அப்படியே ஓடியது. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், எந்தக் காகிதத்திலும் அவள் இல்லை. அத்தான் கடையிலிருந்து ரகசியமாகப் போனில் பேசுவார். வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி "சரிங்க, சரிங்க, பேத்தி சாப்பிட்டுச்சாங்க?" என்பார்.

ஒரு தடவை அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனபோது செல்வின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலுக்கு வெளியே தெருவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார் பெரியவர். காபி கொடுத்தார்கள், தெருவிலேயே. அவன் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனான். "அத்தை, எம்பேரு உங்க சுவத்துல ஏறுத அன்னைக்குத்தான் உங்க படியில ஏறுவேன். கோவம்லாம் இல்ல." கோபம் இல்லாமல்தான் சொன்னான். அதுதான் அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது.

ராஜபாளையம் வந்துவிட்டதா? நிறையப் பேர் ஏறுகிறார்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். கட்டு பத்திரம்.

அத்தான் போன வருஷம் ஆவணியில் காலமானார். காலையில் முகத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தோடு உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். கோமதி அக்கா அழவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சிவகாமி பேரும் அவ வீட்டுக்காரர் பேரும் போஸ்டர்ல வரணும். வராம இவுகள யாரும் தூக்கக்கூடாது."

பெரியவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் துண்டை எடுத்து உதறினார், போட்டார், மறுபடி எடுத்தார்.

"போட்டுத் தொலைங்க."

அத்தனை பேரும் கேட்டார்கள். அக்கா அந்த இடத்திலிருந்தே திருப்பூருக்குப் போன் போட்டாள். "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. பேரு போடுதோம். பெரியவுக வாயால சொல்லிட்டாக. பஸ்ஸ விட்டு எறங்குனதும் சுவத்தப் பாரு, ரெண்டு பேரு பேரும் இருக்கும்." பிறகு என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, காஜா கடைக்கு நீ போ. பக்கத்துல நின்னு அடிச்சிட்டு வா. மத்த பேரு முன்னபின்ன ஆனாலும் பரவாயில்ல. மகள் சிவகாமி, மருமகன் செல்வின். எங்க, திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

காஜா நல்லவன். நான் போவதற்குள் ஒன்று தயாராக வைத்திருந்தான். பின்னணியில் குற்றாலம் அருவி. அருவிக்கு முன்னால் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தியின் மேல் புறா. புறாவின் பக்கத்தில், கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த, ரோஜா மாலையோடு சிரிக்கிற அத்தான். தலைக்கு மேல் 'எலுமிச்சை மண்டியின் இமயம் சரிந்தது.' கீழே நான்கு பத்தியில் பெயர்கள், எறும்பு மாதிரி. நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதன் போய்விட்டான் என்பது அதில் எங்கே இருக்கிறது?

"காஜா, அருவி எதுக்கு?"

"சாவுன்னா அருவிதான் சார். கல்யாணத்துக்கு மயிலு, சாவுக்கு அருவி, பிறந்தநாளுக்கு சிங்கம்."

"எந்திரி, நான் உட்காருகிறேன்."

உட்கார்ந்தேன். அருவியை எடுத்தேன். மெழுகுவர்த்தி போனது, புறா போனது. இமயத்தை எடுத்தேன். போட்டோவையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அறைக்குள் காற்று வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாள். வலது கீழ் மூலையில் ஒரு எலுமிச்சம்பழம், அதன் நிழலோடு. மேலே மூன்று வரி.

பழம் இறக்கிய தட்டு
மெல்ல மேலே எழுகிறது
விரலில் மணம்

அடியில் பொடி எழுத்தில் 'உலகநாதன்'. அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே நல்லதாக ஒன்று செய்தேன் என்றால் அதுதான். நான் அழுதுவிட்டேன். அதுவரை அழவில்லை.

பெயர்களா? பாருங்கள், நீங்களும் கேட்கிறீர்கள். காஜாவும் கேட்டான்.

"சார், கோமதி அக்கா ரெண்டு பேரு சொல்லிவிட்டாங்கள்லா."

"ஒருத்தர் பேரை வைத்தால் எல்லார் பேரையும் வைக்கணும் காஜா. எடுத்தால் எல்லாரையும் எடுக்கலாம். என் பேரே இல்லை, பார்த்தாயா? இதில் யாரும் ஒசத்தி இல்லை, யாரும் தாழ்த்தி இல்லை. அந்த ரெண்டு பேரும் இந்த வெள்ளைக்குள்ளே இருக்காங்க."

குனிந்து பார்த்தான். "எனக்குத் தெரியல சார்."

"பழகினால் தெரியும்."

"சாயங்காலம் எடுக்காங்க சார். அதுக்குள்ள ஊரு பழகணும்லா."

அடிக்கமாட்டேன் என்று கொஞ்ச நேரம் நின்றான். இறந்தவரின் மச்சினன் நான், சொல்லிப் பார்த்தேன், அடித்தான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது.

என்ன நடந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. சாவு போஸ்டர் என்றே யாருக்கும் தெரியவில்லை. மண்டியிலேயே பாதிப் பேர் எடுப்புக்கு வரவில்லை. ஒருவர் என்னிடமே வந்து "ஜூஸ் கடை எப்ப திறக்கீக?" என்றார். இன்னொரு தெருவில் வேறு கூத்து. வெள்ளைத்தாளில் ஒற்றை எலுமிச்சம்பழம், சுவருக்குச் சுவர், ஒரே நாளில் வந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? செய்வினை. மாசமாக இருக்கிற மகளை ஒரு அம்மா ஊரைச் சுற்றி வேறு தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் போஸ்டருக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் பிளேடால் எலுமிச்சம்பழத்தை மட்டும் அழகாக வெட்டி எடுத்துத் தன் வண்டிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டார். "வினையோ என்னமோ, நமக்குத் திருஷ்டி போகும்லா" என்றார். நான் அந்தக் காட்சியை மறக்கவே மாட்டேன். சுவரில், மூலையில் ஒரு வட்ட ஓட்டையோடு அந்தப் போஸ்டர். அது முன்னைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கு அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனது, பெரிய சுவரில் போஸ்டர் எப்படி நிற்கிறது என்று பார்க்க. அங்கே சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பை. செல்வின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்தச் சுவரைப் பார்த்தான். எதிர்ச் சுவருக்குப் போனான். கழிப்பறைச் சுவர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வேறு ஒன்று எங்காவது ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறான்.

"மாமா," என்றான், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான், "மாமனாருக்கு வேற போஸ்டர் எதும் உண்டா?"

"இதுதான் தம்பி."

"இது மட்டுமா?"

"இது மட்டும்தான்."

அவன் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். சிவகாமிதான் கேட்டாள்.

"எம்பேரு எங்க மாமா? அம்மா போட்டாச்சுன்னு சொன்னா."

நான் பொறுமையாக விளக்கினேன். 'மா'வைப் பற்றிச் சொன்னேன். எல்லோருடைய பெயரையும் எடுத்ததால் எல்லோருக்கும் இடம் கிடைத்திருப்பதைச் சொன்னேன். "உன் பேரு அந்த வெள்ளைக்குள்ள இருக்கும்மா" என்றேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பேரைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் தொட்டாள். பசை இன்னும் காயவில்லை.

"ஏழு வருஷமா அங்கதான மாமா இருக்கேன்" என்றாள்.

என்ன ஒரு வார்த்தை பாருங்கள்! எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த ஊரில் ஒரு ஆள், ஒரே ஆள், புரிந்துகொண்டுவிட்டாள். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன்.

"சரி, வாங்க, வீட்டுக்குப் போவோம். நேரமாகிறது" என்றேன். அவர்கள் வரவில்லை. செல்வின், "நீ போயிட்டு வா. பிள்ளைய நான் வச்சிருக்கேன்" என்றான். அவள் பையை அவன் காலடியில் வைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். கொட்டுச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "நீங்க இங்க நிக்க, நான் மட்டும் எப்படி?" என்றாள். அவன் "அதெல்லாம் பாக்காத, போ" என்றான். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். எனக்கு வீட்டில் வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன். அப்புறம் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும், ஊர்வலம் மெயின் ரோட்டைக் கடக்கும்போது கடைப் பாய்லருக்குப் பின்னால் நின்று கும்பிட்டாளாம். கூட்டம் போனதும் ரோட்டில் கிடந்த பூவை ஒதுக்கிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டில் அக்கா என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "வந்தாளா?"

"பஸ் ஸ்டாண்டுல இருக்கா."

"மாப்பிள்ள?"

"அவரும்."

"ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே என் கையிலிருந்த போஸ்டர் ஒன்றைப் பிடுங்கி விரித்தாள். பார்த்தாள். புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் முன்பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் தடவினாள், மெதுவாக, மேலிருந்து கீழே. ஜப்பானில் கண்காட்சியெல்லாம் வைத்திருக்கிறேன். ஒருவரும் என் படத்தை அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

பெரியவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "நல்லாருக்கே" என்றார். "சுத்தமா இருக்கு. கசகசன்னு இல்லாம." பிறகு அக்காவிடம், "நான் சரின்னுதான சொன்னேன் கோமதி. சபையில வச்சுச் சொன்னேன். ஒந்தம்பிதான் போடல. இனி என்னக் கேக்காத" என்றார். அக்கா விலகிக்கொண்டாள். எடுத்துவிட்டார்கள். என்ன சொன்னாலும் சரி, அந்த வீட்டில் ரசனை உள்ள ஆள் பெரியவர் ஒருவர்தான்.

அதிலிருந்து அக்கா பேசவில்லை. சோற்றை மூடி மாடிப்படியில் வைப்பாள், தட்டை எடுத்துக்கொண்டு போவாள், பேச்சில்லை. "அக்கா, என்மேல் என்ன கோபம்? என் பேரைக்கூட நான் போடவில்லையே" என்று படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். பாத்திரம் விளக்குகிற சத்தம்தான் பதில். பதினாறாம் நாள் முடிந்ததும் நான் ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மாறிவிட்டேன். அங்கே என் அறையில் கட்டில் மட்டும்தான். நாற்காலியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில நாள் யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும். பழகிவிட்டது. பழகினால் எல்லாம் தெரியும், நான் சொல்லவில்லை?

சிவகிரி தாண்டிவிட்டது போல. இனி அதிக நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

போன மாதம் காஜா போன் செய்தான். "ஜப்பான் சார், சௌக்கியமா? கோமதி அக்கா கடைக்கு வந்தாங்க. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடிக்கணுமாம்." பெரியவர் இப்போது படுத்த படுக்கை. அக்கா போய்க் கேட்டதற்குக் கையை அசைத்தாராம். சரி என்றா, போ என்றா தெரியாது. அக்கா சரி என்று எடுத்துக்கொண்டாள். பெரியவரின் மகன்கள், "இந்த ஒரு தடவதான் சித்தி. அடுத்த மாசம் வீட்டப் பாகம் பிரிச்சு வித்துருவோம், அப்புறம் போஸ்டரு ஏது, வீடு ஏது" என்று சொல்லிவிட்டார்களாம்.

"அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார்" என்றான் காஜா. "அப்படியே சொல்லுதேன். 'தம்பிதான் செய்யணும். வேற யாரும் வேண்டாம். மகள் சிவகாமி, மருமகன் செல்வின், அப்புறம் மைத்துனர் கைலாசம்னு அவன் பேரையும் போடச் சொல்லு. போட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்லு, அன்னைக்கு சாப்பாடு இங்கதான்.' இதான் சார் சொன்னாங்க. சிவகாமி அக்காவும் அவுக வீட்டுக்காரரும் வாராங்களாம். பஸ் ஸ்டாண்டு சுவத்தப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்களாம். சார், இந்தத் தடவ எங்கிட்ட விட்டுருங்க. அருவி வேண்டாம்னா எடுத்துருதேன். புறாவையும் எடுத்துருதேன். பேரு மட்டும் இருக்கட்டும்."

அக்கா என் பெயரைச் சொன்னாள் என்று கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருஷம் அவளும் யோசித்திருக்கிறாள், பாருங்கள். புரியாமலா மறுபடி என்னையே செய்யச் சொல்வாள்? காஜாவிடம் விடவில்லை. அவன் காகிதம் பளபளக்கும், வெள்ளை வெள்ளையாக நிற்காது. சிவகாசியில் நல்ல காகிதம் பிடித்து, நான் கூடவே நின்று அடித்து வாங்கியிருக்கிறேன். இன்று காலையில்கூட காஜா கேட்டான், "பேரு இருக்குல்லா சார்?" என்று. "எல்லாரும் இருக்கிறார்கள்" என்றேன். பசை வாளியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொன்னான். அவர்கள் பஸ் நாளைக் காலை வருகிறது.

நானும் இந்த ஒரு வருஷம் சும்மா இருக்கவில்லை. எங்கே தவறினேன் என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். ஊர் ஏன் மிரண்டது? செய்வினை என்றார்கள், ஜூஸ் கடை என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மொரிதா இருந்திருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பார். ஆட்டோக்காரர் பிளேடை வைத்துக்கொண்டு அன்றைக்கே காட்டினார், நான்தான் கவனிக்கவில்லை.

வாசுதேவநல்லூரா இது? அடுத்தது நான் இறங்க வேண்டும். கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைப் பிரித்துக் காட்டியிருக்கலாம், கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை, சொன்னாலே போதும், பெரிதாக ஒன்றுமில்லை. அதே அளவுத் தாள். அதே மூன்று வரி. அடியில் அத்தான் பெயர்.

இந்த முறை எலுமிச்சம்பழத்தையும் எடுத்துவிட்டேன்.